வேக்யூம் போட்ட மறுநாளே தரையில் மீண்டும் படிவு: நீச்சல் குளத்தில் அது எங்கிருந்து வருகிறது, எப்படி வெளியேற்றுவது

கேள்வி இது: கோவைப் பக்கம் தோட்டத்து வீட்டில் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலத்தில் ஒரு குளம். போர் தண்ணீர். 24 அங்குல மணல் ஃபில்டர், ஒன்றரை எச்பி மோட்டார். தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் தினமும் காலையில் தரையில் சாம்பலும் பழுப்பும் கலந்த மாவு போலப் படிந்து கிடக்கிறது. வேக்யூம் போட்டால் போகிறது, மறுநாள் வந்துவிடுகிறது. பிளீச்சிங் பவுடர், படிகாரம் இரண்டும் போட்டாயிற்று, ஃபில்டர் மணலையும் மாற்றியாயிற்று. இனி என்ன செய்வது?

மறுநாள் காலையில் தரையில் கிடப்பது பெரும்பாலும் புது அழுக்கு இல்லை. நேற்று வேக்யூமில் இழுத்த அதே அழுக்குதான். குழாய் வழியாக ஃபில்டருக்குப் போய், மணலுக்குள் நுழைந்து, மறுபக்கம் வெளியேறி, ரிட்டர்ன் வழியாகக் குளத்துக்கே திரும்பியிருக்கிறது. நல்ல நிலையில் உள்ள மணல் ஃபில்டர் 20 முதல் 40 மைக்ரான் வரையிலான துகளைப் பிடிக்கும். அதற்குக் கீழே உள்ளதில் பெரும்பகுதி நழுவிவிடும். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், எவ்வளவு பொடியான துகளைப் பற்றிப் பேசுகிறோம் என்பது புரியும்.

மோட்டார் ஓடும்வரை தண்ணீர் அலைந்துகொண்டே இருப்பதால் இந்தத் துகள் மிதக்கிறது. இரவில் மோட்டாரை நிறுத்தியதும் இறங்கத் தொடங்குகிறது. 10 மைக்ரான் அளவுள்ள மண்துகள் 1.4 மீட்டர் ஆழம் இறங்க மூன்று, நான்கு மணி நேரம் பிடிக்கும். 50 மைக்ரான் துகளுக்குப் பத்து நிமிடம்கூட வேண்டாம். அதனால்தான் விடியும்போது தண்ணீர் கண்ணாடி போலவும் தரை மாவு பூசியது போலவும் இருக்கிறது. இதற்கு மருந்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பயனில்லை. துகள் என்னவென்று தெரிந்துகொண்டு, உற்பத்தியை நிறுத்தி, இருப்பதைக் குளத்துக்கு வெளியே அனுப்ப வேண்டும். வரிசையும் இதுவேதான்.

முதலில் ஒரு பாட்டில் படிவு எடுங்கள்

காலையில் மோட்டார் போடுவதற்கு முன் ஒரு லிட்டர் காலி பாட்டிலை எடுத்து, வாயைக் கட்டைவிரலால் அடைத்தபடி, ஆழம் குறைந்த பக்கத்தில் மெதுவாக இறங்குங்கள். காலால் தரையைக் கலக்கிவிடாதீர்கள். பாட்டிலைப் படுக்கைவாக்கில் பிடித்து, வாயைப் படிவுக்கு ஒரு விரற்கடை மேலே கொண்டுபோய்க் கட்டைவிரலை எடுத்தால் உள்ளிருக்கும் காற்று வெளியேறி, அந்த இடத்துக்குத் தண்ணீர் படிவோடு உள்ளே பாயும். மூன்று, நான்கு இடங்களில் இப்படி எடுத்து ஒன்றாகச் சேர்த்து, இரண்டு மணி நேரம் அசையாமல் வையுங்கள். மேல் தண்ணீரை வடித்துவிட்டு, அடியில் தங்கியதை வெள்ளைப் பீங்கான் தட்டில் மூன்று சிறு குவியலாகப் பிரித்து ஊற்றுங்கள்.

இந்தத் தட்டு பல ஆயிரம் ரூபாய் மருந்துச் செலவை மிச்சப்படுத்தும்.

முதல் குவியலை விரலிடையில் தேயுங்கள். நறநறவென்று இருந்தால் மணல்: ஃபில்டர் மணலோ, போர்வெல்லில் இருந்து வரும் மணலோ. சோப்புப் போல வழுக்கினால் களிமண், செத்த பாசி அல்லது படிகாரக் கசடு. விரலில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு, காய்ந்ததும் சுண்ணாம்பு போலத் தெரிந்தால் கால்சியம்.

இரண்டாம் குவியலில் நாலு சொட்டு வினிகர். சின்னக் குமிழியாகப் பொங்கினால் கால்சியம் கார்பனேட் இருக்கிறது. பொங்குவது நின்றபின் பாதி கரைந்து பாதி மிஞ்சினால் கலவை என்று பொருள். பெரும்பாலான குளங்களில் இதுதான் நிலை.

மூன்றாம் குவியலில் திரவ ஹைப்போகுளோரைட் (திரவக் குளோரின் மருந்து) இரண்டு சொட்டு. பத்து நிமிடத்தில் நிறம் வெளுத்தால் அது பாசியோ இலைச் சிதைவோ. வெளுக்காமல் துருநிறத்திலேயே நின்றால் இரும்பு அல்லது செம்மண். இரும்பா, மண்ணா என்று பிரிக்க, பாட்டிலில் மிஞ்சிய படிவில் கொஞ்சத்தைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து, வைட்டமின் சி மாத்திரை ஒன்றைப் பொடித்துப் போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். இரும்புத் துரு வெளிறிக் கரையும், மண் அப்படியே கிடக்கும். வினிகர் விட்ட குவியலும் ஹைப்போ விட்ட குவியலும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. அமிலமும் குளோரினும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். சொட்டளவில் சின்ன விஷயம், வாளியளவில் மூச்சை அடைக்கும்.

படிவு கிடக்கும் இடமும் பேசும். ரிட்டர்ன் வாய்க்கு நேர் கீழே சிறு மேடாகக் குவிந்திருந்தால் ஃபில்டருக்குள் ஏதோ உடைந்திருக்கிறது. நிழல் விழும் சுவரில் மஞ்சள் தூளாக ஒட்டி, பிரஷ் பட்டதும் புகை போலக் கிளம்பி, இரண்டே நாளில் அதே இடத்தில் திரும்பினால் மஞ்சள் பாசி. ஒரு பக்கக் கரையோரம் மட்டும், அதுவும் மழைக்குப் பிறகு என்றால், தோட்டத்து மண் குளத்து விளிம்பில் பதித்த கோப்பிங் கல்லைத் தாண்டி உள்ளே வழிகிறது. போர் தண்ணீர் விட்ட மறுநாள் மட்டும் வந்தால் தண்ணீரிலேயே கோளாறு. ஆடி மாதத்தில் மட்டும் என்றால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுதான் காரணம். அம்மியையே பறக்கவிடும் என்கிற காற்றுக்குப் புழுதி எம்மாத்திரம்.

பிளீச்சிங் பவுடரும் படிகாரமும்

நீங்கள் சொல்லும் சாம்பல்–பழுப்பு மாவில் ஒரு பங்கு நீங்களே போட்டது என்றுதான் கருதுகிறேன். சாதா பிளீச்சிங் பவுடரில் குளோரின் 30 முதல் 35 சதவீதம். மீதியில் கணிசமான பகுதி தண்ணீரில் கரையாத சுண்ணாம்பு. பொடியை அப்படியே தூவினாலோ, வாளியில் கலக்கிக் கலங்கலோடு ஊற்றினாலோ அந்தச் சுண்ணாம்பு முழுவதும் குளத்துத் தரைக்குப் போகிறது. கூடவே தண்ணீரின் பிஎச் (அமில–கார அளவு) 8-க்கு மேல் ஏறுகிறது. பிஎச் ஏறிய தண்ணீரில் கரைந்திருந்த கால்சியமும் வெள்ளைப் பொடியாகப் பிரியத் தொடங்கும். கடினமான போர் தண்ணீரில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

அதன்மேல் படிகாரம் போட்டால் நிலைமை மோசமாகிறது. படிகாரம் பிஎச் 7-ஐ ஒட்டிய தண்ணீரில்தான் நன்றாகத் திரளும். 8-ஐத் தாண்டிய தண்ணீரில் ஒரு பகுதி கரைந்தே நின்றுவிடும். அடுத்த வாரம் பிஎச் இறங்கும்போது பஞ்சு போலப் பிரிந்து தரைக்கு வரும். நீங்கள் படிகாரம் போட்டதே மறந்திருக்கும், கசடு அப்போதுதான் வந்து சேரும். ஆக, இந்த இரண்டு மருந்தும் ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுக்கின்றன.

பிளீச்சிங் பவுடரை நிறுத்துங்கள். திரவ சோடியம் ஹைப்போகுளோரைட் எந்தக் கசடும் தராது. 10 சதவீதம் உள்ளது கிடைத்தால் போதும், ஆனால் வெயிலில் வைத்தால் வீரியம் போய்விடும், அதனால் மாதத் தேவைக்கு மேல் வாங்காதீர்கள். 65 சதவீதக் கால்சியம் ஹைப்போகுளோரைட் குருணையும் நல்லதுதான், ஆனால் ஏற்கெனவே கடினமான தண்ணீரில் இன்னும் கால்சியத்தைச் சேர்க்கும். டிசிசிஏ என்னும் குளோரின் மாத்திரை கசடு தராது. பதிலுக்குச் சயனூரிக் அமிலத்தைத் தண்ணீரில் விட்டுச்செல்லும், அது 50 பிபிஎம்-ஐ (லிட்டருக்கு 50 மில்லிகிராம்) தாண்டினால் குளோரின் மந்தமாகிப் பாசி எளிதில் பிடிக்கும். டிசிசிஏவும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் ஒரே வாளியிலோ ஒரே டப்பாவிலோ சேரவே கூடாது, தீப்பிடித்து வெடிக்கும். வேறு வழியின்றிப் பிளீச்சிங் பவுடர்தான் என்றால், 20 லிட்டர் வாளியில் ஒரு கிலோ கலக்கி, நான்கைந்து மணி நேரம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். அடிக்கசடு குளத்துக்குள் போகவே கூடாது.

ஃபில்டரைச் சோதிப்பது

வெள்ளைக் காட்டன் கைக்குட்டையை நான்காக மடித்து ரிட்டர்ன் வாயில் ரப்பர் பேண்டால் தளர்வாகக் கட்டி, மோட்டாரை ஓடவிட்டு, வேக்யூம் போட்டபடியே கால் மணி நேரம் பொறுங்கள். கைக்குட்டையில் மணல் நின்றால் ஃபில்டரின் அடியில் விரல் விரலாக விரியும் லேட்டரல் குழாய்களில் ஒன்றாவது உடைந்திருக்கிறது. மணல் மாற்றிய பிறகு இது அடிக்கடி நடக்கும்: காலியான தொட்டியில் மேலிருந்து மூட்டையைக் கவிழ்த்தால் அந்த எடையில் பிளாஸ்டிக் விரல் முறியும். பாதித் தொட்டிக்குத் தண்ணீர் நிரப்பிவிட்டுத்தான் மணலை மெல்லக் கொட்ட வேண்டும். மணலும் 0.45 முதல் 0.55 மில்லிமீட்டர் சலித்த சிலிக்கா மணலாக இருக்க வேண்டும். எம்-சாண்டோ ஆற்றுமணலோ போட்டிருந்தால் அதில் உள்ள பொடியே மாதக்கணக்கில் குளத்துக்குள் வந்துகொண்டிருக்கும்.

கைக்குட்டையில் மணல் இல்லை, பழுப்பு மாவுதான் என்றால் ஃபில்டர் முழுதாக இருக்கிறது, ஆனால் துகளைப் பிடிக்கவில்லை. அதற்கு முதல் காரணம் வேகம். யாரும் கவனிக்காததும் அதுவே. 24 அங்குல ஃபில்டரின் உட்பரப்பு சுமார் 0.28 சதுர மீட்டர். ஒன்றரை எச்பி மோட்டார் மணிக்கு 18 கன மீட்டர் தள்ளினால் மணலுக்குள் தண்ணீர் இறங்கும் வேகம் மணிக்கு 64 மீட்டர். இந்த வகை ஃபில்டரின் லேபிளில் வழக்கமாக 50 என்றே உச்சம் போட்டிருக்கும். நுண்துகள் நிற்க வேண்டுமானால் 30 அளவுக்கு இறங்க வேண்டும், அதாவது மணிக்கு 8, 9 கன மீட்டர். பெரிய மோட்டார் போட்டால் குளம் சீக்கிரம் சுத்தமாகும் என்பது தவறான எண்ணம். வேகம் கூடக் கூடப் பொடித்துகள் மணல் இடுக்கில் தங்காமல் அடித்துக்கொண்டு போகிறது.

ஃப்ளோமீட்டர் இல்லாமலே தோராயமாக அளக்கலாம். தண்ணீர் போகும் வழியை மாற்றும் கைப்பிடி வால்வான மல்டிபோர்ட் வால்வை வேஸ்ட்டில் (ஃபில்டரைத் தொடாமல் தண்ணீரை வெளியே தள்ளும் நிலை) வைத்து, வேஸ்ட் குழாய் முனையில் 20 லிட்டர் பெயின்ட் வாளியைப் பிடியுங்கள். 4 நொடியில் நிறைந்தால் மணிக்கு 18 கன மீட்டர், 8 நொடி என்றால் 9. மோட்டாருக்கும் ஃபில்டருக்கும் நடுவே உள்ள பால் வால்வைக் கொஞ்சம் மூடி 8 நொடிக்குக் கொண்டுவாருங்கள். அங்கே வால்வு இல்லையென்றால் ஒன்று போட்டுக்கொள்ளலாம். மோட்டாருக்கு முன்னால் உறிஞ்சும் பக்கத்தில் அடைக்காதீர்கள், காற்றிழுத்து மோட்டார் கெடும். தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு மணலைக் கழுவும் பேக்வாஷின்போது மட்டும் வால்வை முழுதாகத் திறக்க வேண்டும், இல்லையென்றால் மணல் கிளம்பாது, அழுக்கு உதிராது.

அடுத்தது பிரஷர் கேஜ். பேக்வாஷ் முடிந்த உடன் காட்டும் அளவைச் சுவரில் மார்க்கரால் எழுதி வையுங்கள். அதிலிருந்து 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறும்போதுதான் அடுத்த பேக்வாஷ். வாரா வாரம் கணக்கு வைத்துச் செய்யக் கூடாது. லேசாக அழுக்குப் பிடித்த மணல்தான் பொடித்துகளை நன்றாகப் பிடிக்கும், தினம் கழுவினால் அந்த வலிமை போய்விடும். தரையில் படிவு சேர்ந்துகொண்டே இருக்க, முள் வாரக்கணக்கில் அசையவில்லையென்றால் அது நல்ல செய்தி இல்லை. தண்ணீர் மணலைத் தொடாமல் குறுக்கு வழியில் போகிறது. ஒன்று மணல் சுண்ணாம்பேறிக் கட்டியாகி நடுவில் துளை விழுந்திருக்கும். மூடியைத் திறந்து கையை முழங்கை வரை விட்டால் கட்டி தட்டுப்படும். அல்லது மல்டிபோர்ட் வால்வுக்குள் இருக்கும் ஸ்பைடர் கேஸ்கெட் கிழிந்திருக்கும். ஃபில்டர் நிலையில் இருக்கும்போதே வேஸ்ட் குழாயில் தண்ணீர் கசிந்தால் அதற்கு அதுவே சாட்சி. மோட்டார் ஓடும்போது கைப்பிடியைத் திருப்புவதுதான் அந்த கேஸ்கெட்டின் எமன்.

பேக்வாஷ் முடிந்ததும் நேரே ஃபில்டருக்கு மாற்றுபவர்கள் பலர். நடுவில் ரின்ஸ் நிலையில் ஒரு நிமிடம் ஓட்டாவிட்டால் கலைந்த அழுக்கு முழுவதும் முதல் வீச்சில் குளத்துக்குள் வந்துவிடும்.

இருப்பதை வெளியேற்றுவது

உங்கள் குளத்தின் சராசரி ஆழம் 1.4 மீட்டர் என்று கொண்டால் கொள்ளளவு சுமார் 45,000 லிட்டர். கணக்கு இதற்கே சொல்கிறேன், ஆழம் வேறாக இருந்தால் விகிதம் போட்டுக்கொள்ளுங்கள்.

தட்டுச் சோதனையில் பாசி தெரிந்திருந்தால் முதலில் அதைக் கொல்ல வேண்டும். பிஎச் 7.2-க்குக் கொண்டுவந்து, சுவர், படி, மூலை எல்லாம் பிரஷ் போட்டு, மாலையில் வெயில் தாழ்ந்தபின் 10 சதவீத ஹைப்போ நாலரை லிட்டர் ஊற்றுங்கள். இது குளோரினை 10 பிபிஎம் ஏற்றும். இரவு அளந்து, விடியும் முன் மறுபடி அளங்கள். ஒன்றுக்கு மேல் குறைந்திருந்தால் பாசி இன்னும் உயிரோடு இருக்கிறது, மறுநாளும் போட வேண்டும். பாசி சாகாமல் அடுத்த கட்டத்துக்குப் போவது வீண்.

பிறகு, மிதக்கும் துகளைத் திரட்டித் தரைக்கு இறக்குவது. காலையில் பிஎச் 7 முதல் 7.4-க்குள் இருப்பதை உறுதிசெய்துகொண்டு, தண்ணீர் மட்டத்தை வழக்கத்தைவிட 10 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். மாலையில் ஒரு கிலோ முதல் ஒன்றேகால் கிலோ படிகாரத்தை வாளித் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, பரப்பெங்கும் சீராகத் தெளியுங்கள். மல்டிபோர்ட் வால்வை ரீசர்குலேட்டில் (தண்ணீர் ஃபில்டரைத் தொடாமல் குளத்துக்கே திரும்பும் நிலை) வைத்து ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். ஃபில்டர் நிலையில் ஓட்டினால் பஞ்சுக்கசடு மணலை அடைத்துவிடும். பிறகு மோட்டாரை நிறுத்தி, யாரையும் இறங்கவிடாமல் 12 மணி நேரம் விடுங்கள். விடிந்ததும் தரையில் சாம்பல் நிறப் போர்வை ஒன்று தெரியும். உங்கள் படிவு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

இனி வேக்யூம், வால்வு வேஸ்ட் நிலையில். எல்லாமே இதில்தான் அடங்கியிருக்கிறது. தரையில் உள்ள உறிஞ்சு வாயான மெயின் டிரெயினை மூடி, ஹோஸை முதலில் முழுதாகத் தண்ணீரால் நிரப்பி, பிறகு ஸ்கிம்மரில் (குளச் சுவரில் மேல்மட்டத் தண்ணீரை உறிஞ்சும் வாய்) மாட்டுங்கள். வேக்யூம் தலையை ஓர் அடி நகர்த்த நாலைந்து நொடி எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையில் கால்பங்கு ஏற வேண்டும். அவசரப்பட்டால் போர்வை கிழிந்து புகையாகக் கிளம்பும்; கிளம்பிவிட்டால் நிறுத்திவிட்டு மறுபடி தெளியும்வரை பொறுப்பதே நல்லது. மணிக்கு 10 கன மீட்டர் ஓட்டத்தில் 20 நிமிடத்துக்கு 3,300 லிட்டர் வெளியே போகும், உங்கள் குளத்தில் அது சுமார் 10 சென்டிமீட்டர். மட்டத்தை முன்பே உயர்த்தச் சொன்னது இதற்காகத்தான். ஸ்கிம்மர் காற்றை உறிஞ்சும் சத்தம் கேட்டால் உடனே மோட்டாரை நிறுத்துங்கள். மூலையிலும் படிக்கட்டிலும் மிஞ்சுவதற்காக மறுநாள் ஒரு சுற்று தேவைப்படும். ஹைப்போ போட்டு இரண்டொரு நாளே ஆன தண்ணீர் என்றால் தென்னைக்கோ புல்லுக்கோ நேரே விடாதீர்கள்; குளோரின் ஒன்றுக்குக் கீழே இறங்கியபின் விடலாம்.

கரையில் தொங்கவிடும் பைப்லெஸ் ஃபில்டர் உள்ளவர்களுக்கு வேஸ்ட் வழி இருக்காது. அவர்கள் வேக்யூம் தலையை நேரே ஒரு சிறு பம்பில் இணைத்து வெளியே தள்ள வேண்டும்.

தண்ணீர் உள்ளே வரும் வழி

வெளியேற்றியதற்கு ஈடாக 3,000 லிட்டர் போர் தண்ணீர் உள்ளே வருமே, அதில் என்ன இருக்கிறது? வெள்ளை வாளி இரண்டில் போர் தண்ணீர் பிடியுங்கள். ஒன்றில் 2 மில்லி ஹைப்போ விடுங்கள், மற்றதில் எதுவும் வேண்டாம். இரவு முழுதும் விட்டுக் காலையில் பாருங்கள். ஹைப்போ விட்ட வாளி மட்டும் தேநீர் நிறமானால் கரைந்த இரும்பு. லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் தாண்டினாலே துணியில் கறை விழும். குளத்தில் குளோரின் பட்டதும் துருவாகப் பிரிந்து தரைக்கு வரும். இரண்டு வாளியிலும் அடியில் மண் நின்றால் போர்வெல் மண் தள்ளுகிறது.

மண் என்றால் தண்ணீரைச் சம்ப்பில் ஒருநாள் தெளியவிட்டு, குளத்துக்குப் போகும் குழாயில் 20 அங்குல ஜம்போ உறையில் 5 மைக்ரான் கார்ட்ரிட்ஜ் மாட்டினால் தீர்ந்தது. இரும்பு என்றால் சம்ப்புக்குள் தண்ணீரை உயரத்திலிருந்து ஷவர் போல விழவிட்டுக் காற்றுப் படவைத்து, தெளியவிட்டு, பிறகு அதே கார்ட்ரிட்ஜ். இரும்பு மிக அதிகம் என்றால் தனி இரும்பு நீக்கி வேண்டும். கறை வராமல் தடுக்கும் என்று விற்கும் மருந்துகள் இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்துவைக்குமே தவிர வெளியேற்றாது. மருந்தின் வீரியம் தீர்ந்ததும் திரும்பிவிடும்.

வினிகரில் நன்றாகப் பொங்கியிருந்தால் கடினத்தன்மையோடு மொத்தக் காரத்தன்மையையும் அளந்து பாருங்கள். காரத்தன்மையை 80 பிபிஎம் பக்கம் இறக்கி, பிஎச்-ஐ 7.2 முதல் 7.4-க்குள் வைத்தால் கால்சியம் கரைந்தே நிற்கும். 45,000 லிட்டரில் 10 பிபிஎம் இறக்க 30 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுமார் 950 மில்லி. தண்ணீர் உள்ள வாளியில் அமிலத்தை ஊற்றி, மோட்டார் ஓட, ஆழமான பக்கத்தில் ஓரிடத்தில் நிற்காமல் சுற்றி ஊற்றுங்கள். ஒரே நாளில் 10-க்கு மேல் இறக்க வேண்டாம், டைல் இடுக்கின் கிரவுட் அரித்து, அதுவே புதுப் படிவாக வரும்.

கோப்பிங் கல்லுக்கு வெளியே தரை குளத்தை நோக்கிச் சரிந்திருக்கிறதா என்று ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சரிந்திருந்தால் ஓரமாக 5 சென்டிமீட்டர் ஆழ வாய்க்கால் ஒன்று வெட்டி விடுவது எந்த மருந்தையும்விட மலிவு. மோட்டாரை நாளுக்கு 10 மணி நேரம் ஓட்டுங்கள். மணிக்கு 9 கன மீட்டர் வேகத்தில் அது இரண்டு சுற்று. நன்றாகக் கலக்கும் குளத்தில் ஒரு சுற்றில் 63 சதவீதத் தண்ணீர்தான் ஃபில்டரைத் தொடும், இரண்டாவது சுற்றில் 86. ரிட்டர்ன் வாயின் உருண்டையைக் கொஞ்சம் கீழ்நோக்கியும் ஒரே திசையில் சாய்த்தும் வைத்தால் தண்ணீர் வட்டமாகச் சுழன்று, மூலையில் தேங்குவதையும் ஸ்கிம்மர் பக்கம் கொண்டுவரும்.

பத்து நாள் கழித்து அதே பாட்டில், அதே வெள்ளைத் தட்டு, அதே சோதனை. அப்போதும் மாவு நின்றால் மூன்று குவியலில் எது மாறவில்லை என்று பாருங்கள். பொங்குவது நின்று பழுப்பு மட்டும் மிஞ்சியிருந்தால் சுண்ணாம்புப் பிரச்சினை தீர்ந்தது, இனி பார்க்க வேண்டியது போர் தண்ணீரை மட்டும்தான்.